‘டி.சி. ஆறு சைக்கிள்’: புற்றுநோய் சிகிச்சைக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புற்றுநோய் மருத்துவர்களுக்கும், மருத்துவமனை மென்பொருள் எழுதுபவர்களுக்கும், மருத்துவச் சொற்களைத் தரப்படுத்தும் குழுக்களில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. நோயாளிகளின் கோப்புகளைப் படித்து, அதில் இருப்பதைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. நீங்கள் எழுதுவதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒன்று விடாமல் படிக்கிற ஆள் அநேகமாக நான்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா வந்திருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர். நோய் திரும்பியிருந்தது. அவருடைய மகள் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ரசீதுகள் என்று எல்லாம் இருந்தன. கீமோவைப் பற்றி மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரி: ‘டி.சி. ஆறு சைக்கிள் முடிந்தது.’ சைக்கிள் என்றால் கீமோவின் ஒரு சுற்று.

எங்கள் மருத்துவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. இந்த அம்மாவுக்கு முன்பு டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறியிருக்கிறதா? அந்த மருந்து வாழ்நாள் கணக்கில் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும் ஆபத்து வேகமாகக் கூடும். முன்பு எவ்வளவு போனது என்று தெரியாமல் மறுபடி தொடங்க முடியாது. இரண்டாவது, பிளாட்டினம் வகை மருந்து எதுவும் கொடுத்தார்களா?

டி.சி. என்றால் என்ன? ‘டி’ டோசிடாக்செல்லாக இருக்கலாம், பாக்லிடாக்செல்லாகவும் இருக்கலாம், ஏனென்றால் இரண்டின் பழைய வணிகப் பெயர்களும் ‘டி’யில்தான் தொடங்குகின்றன. ‘சி’ சைக்ளோஃபாஸ்ஃபமைடாக இருக்கலாம். கார்போபிளாட்டினாகவும் இருக்கலாம். நான்கு விதமாகப் படிக்கலாம், அதில் இரண்டில் பிளாட்டினம் உண்டு, இரண்டில் இல்லை. இதற்கு முன்னால் டாக்ஸோரூபிசின் கொடுத்துவிட்டு, அந்தத் தாள் மட்டும் உறையிலிருந்து தொலைந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

முதல் கேள்விக்கு மகள்தான் பதில் சொன்னார். “சிவப்பு மருந்து அம்மாவுக்குப் போடவே இல்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்குப் போட்டார்கள், அவர் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்தார், அம்மாதான் தைரியம் சொன்னார்.” டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறம். மருத்துவ ஆவணத்தால் சொல்ல முடியாததை ஒரு பெண்ணின் ஞாபகம் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்காக நான் பழைய மருத்துவமனையின் ஆவண அறைக்கு நான்கு நாட்கள் போன் செய்தேன். கடைசியில் ஒரு செவிலியர் பழைய மருந்துத் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பினார். மருந்தின் பெயர் இருந்த இடத்தில் மை பரவிப்போயிருந்தது. ஓரத்தில் மட்டும் ‘ஏ.யு.சி. 6’ என்று இருந்தது. ரத்தத்தில் மருந்து மொத்தமாக எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. அது போதும். அப்படி அளவு போடுவது கார்போபிளாட்டினுக்குத்தான். சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதை வைத்து அதன் அளவைக் கணக்கிடும் சூத்திரம் 1989இல் வந்தது. மற்ற கீமோ மருந்துகள் பெரும்பாலும் உடலின் பரப்பளவை வைத்துக் கொடுக்கப்படுகின்றன.

நான்கு நாட்கள் ஓர் எழுத்துக்காகப் போனது. அந்த நான்கு நாட்களும் அந்த அம்மா படுக்கையில் காத்திருந்தார்.

அதை எழுதிய மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய வார்டில் ‘டி.சி.’ என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான் இருந்திருக்கும். நோயாளி வார்டை விட்டுப் போகும்போது அந்தப் பொருள் கூடப் போவதில்லை என்பதுதான் சிக்கல்.

நோயின் பெயர் விஷயத்தில் இப்படி நடப்பதில்லை. பிரான்ஸ் நாட்டின் பியர் டெனுவா 1943 முதல் 1952 வரை உழைத்து டி.என்.எம். முறையை உருவாக்கினார். கட்டி எவ்வளவு பெரிது, நிணநீர்க் கணுவுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புக்குப் பரவியிருக்கிறதா என்று மூன்றே கேள்வி. இன்று உலகில் எந்த மூலையில் எழுதினாலும் அதை எந்த மூலையிலும் படிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1976இல் புற்றுநோய்க்கென்றே தனிக் குறியீட்டுத் தொகுப்பு வெளியிட்டது. 8500/3 என்று நோயியல் அறிக்கையில் பார்த்தால், பால் நாளத்தில் தொடங்கி வெளியே ஊடுருவிய புற்றுநோய் என்று எனக்கு உடனே தெரியும். அதே எண்ணுக்குப் பின்னால் 3க்குப் பதில் 2 இருந்தால் இன்னும் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பொருள். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓர் இலக்கம் இவ்வளவு சொல்கிறது.

தனி மருந்துகளுக்கும் ஒழுங்கு இருக்கிறது. வணிகப் பெயர் எதுவானாலும் உலகப் பொதுப் பெயர் ஒன்று உண்டு. மருந்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் ஏ.டி.சி. வகைப்பாட்டில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு எல்01ஏஏ01. ஆர்எக்ஸ்நார்ம், ஸ்னோமெட் என்று பெரிய மருத்துவச் சொற்தொகுப்புகள் இருக்கின்றன.

நோய்க்குப் பெயர் இருக்கிறது, மருந்துக்குப் பெயர் இருக்கிறது. இடையில் இருக்கும் ரெஜிமென்னுக்குத்தான் செல்லப்பெயரோடு நிறுத்திவிட்டோம். எந்தெந்த மருந்து, எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதற்காக என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ரெஜிமென். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர் ஊருக்குள் போனால் யாருக்கும் தெரியாது.

செல்லப்பெயர்கள் ஒன்றோடொன்று எப்படி மோதுகின்றன என்று என் மேசையிலிருந்தே சொல்கிறேன். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ‘சாப்’ (சி.ஹெச்.ஓ.பி.) ரெஜிமென்னில் ‘ஹெச்’ என்ற எழுத்து டாக்ஸோரூபிசினின் பழைய வேதிப்பெயர். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ‘டி.சி.ஹெச்.’சில் அதே ‘ஹெச்’ ட்ராஸ்டுசுமாப்பின் வணிகப் பெயர். ‘சாப்’பில் வரும் ‘பி’ பிரெட்னிசோன் என்னும் ஸ்டீராய்டு, வேறு ரெஜிமென்களில் அதே ‘பி’ சிஸ்பிளாட்டின், இன்னும் சிலவற்றில் பாக்லிடாக்செல். இது போதாதென்று ‘சி.டி.’ என்பதற்கு ஒரு பக்கத்தில் கீமோ என்று பொருள், அடுத்த பக்கத்தில் ஸ்கேன். ‘சி.டி. முடிந்தது, நன்றாக இருக்கிறார்’ என்று எழுதியிருந்தால் நான் எதை ஏற்றுவது? எண்ணுக்குப் பக்கத்தில் போடும் ‘#’ என்ற கட்டக்குறி இன்னொரு தலைவலி. கீமோ வார்டில் அது சைக்கிள், கதிர்வீச்சுப் பிரிவில் ஒரு நாள் பங்கு, எலும்புப் பிரிவில் முறிவு. மூன்று பிரிவுகளுக்கும் போய்வந்த நோயாளியின் கோப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பெயர் ஒன்றாக இருந்து உள்ளே இருப்பது வேறாக இருப்பதும் உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்கான ஃபோல்ஃபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் ஆக்ஸாலிபிளாட்டினின் அளவு, திருத்திய ஆறாம் வடிவத்தில் சதுர மீட்டருக்கு 85 மில்லிகிராம், திருத்தாத ஆறில் 100, ஏழில் 130. கை கால் மரத்துப்போவது இந்த மருந்து உடம்பில் சேரச் சேரக் கூடுகிற தொல்லை. ‘ஃபோல்ஃபாக்ஸ், எட்டு சைக்கிள்’ என்று மட்டும் எழுதினால், சட்டைப் பொத்தான் போட முடியாமல் வருகிறவருக்கு எவ்வளவு போனது என்று யாரால் கணக்குப் போட முடியும்? இதற்கு நேர்மாறாக, ‘ஸெலாக்ஸ்’ என்றும் ‘கேபாக்ஸ்’ என்றும் இரண்டு பெயரில் எழுதுவது ஒரே ரெஜிமென்னைத்தான். கணினி இரண்டையும் வேறு வேறு என்றே எண்ணும்.

“மருந்துகளின் பட்டியல்தான் கணினியில் இருக்கிறதே, அதிலிருந்து ரெஜிமென்னைக் கண்டுபிடித்துக்கொள்ளலாமே” என்று மென்பொருள் நண்பர்கள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டுதான் என் எண்ணத்தை மாற்றியது. மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் நோயாளிக்கு அது சிகிச்சையின் பகுதி, நோய்ச் செல்லைக் கொல்வதற்காகவே கொடுப்பது. சிஸ்பிளாட்டின் ஏற்றும் நோயாளிக்கு அதே மாத்திரை வாந்தியைத் தடுக்க. டோசிடாக்செல் ஏற்றுபவருக்கு உடம்பில் நீர் கோர்க்காமல் இருக்க. பட்டியலில் மூன்றும் ஒரே வரி. மெத்தோட்ரெக்ஸேட் ரத்தப் புற்றுநோய்க்கும் போகிறது, மூட்டுவாதத்துக்கும் போகிறது. ஏ.டி.சி. வகைப்பாடே அதற்கு இரண்டு இடங்களில் குறியீடு வைத்திருக்கிறது. என்ன கொடுத்தார்கள் என்று பட்டியல் சொல்லும். எதற்காகக் கொடுத்தார்கள் என்பது எழுதிய கைக்குத்தான் தெரியும்.

இந்த இடைவெளியை நிரப்ப ஏற்கனவே வேலை நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெம்ஆங்க் என்ற திறந்த தொகுப்பு 2011இல் தொடங்கியது. புற்றுநோய், ரத்தநோய் மருத்துவர்கள் சேர்ந்து, ஒவ்வொரு ரெஜிமென்னையும் அது வந்த ஆய்வோடும், மருந்து அளவோடும், நாள் கணக்கோடும் எழுதிவைத்தார்கள். அப்புறம் அதையே கணினி படிக்கும் சொற்தொகுப்பாக மாற்றினார்கள். ஓமாப் என்ற பொதுத் தரவு மாதிரியில் அது இடம்பெற்றிருக்கிறது. வெவ்வேறு நாட்டு மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களை வெளியே அனுப்பாமலே, ஒரே கேள்வியைத் தத்தம் தரவிடம் கேட்க உதவும் மாதிரி அது. அந்தச் சொற்தொகுப்பில் ரெஜிமென் என்பது தனி உருப்படி. அதற்குத் தன் எண் உண்டு. அதன் உறுப்புகளான மருந்துகளோடு அதற்கு உறவு உண்டு. இந்த மருந்து நோயை எதிர்க்க, இது துணைக்கு என்ற பிரிவும் உண்டு. ஸெலாக்ஸும் கேபாக்ஸும் அங்கே ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள்.

இதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. பல வருடங்களாக நான் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டிருந்ததை, யாரோ முறையாக, எல்லோருக்கும் திறந்து செய்திருந்தார்கள்.

ஆனால் எவ்வளவு நல்ல சொற்தொகுப்பு இருந்தாலும், வார்டில் ‘டி.சி.’ என்று எழுதினால் அது ‘டி.சி.’தான். அதனால் உங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்க எனக்கு ஒன்றிரண்டு உண்டு.

மருத்துவர்களே, ரெஜிமென்னைத் தீர்மானிக்கும் அந்த நிமிடத்திலேயே நோக்கத்தை எழுதிவிடுங்கள். அறுவைக்கு முன்னாலா, பின்னாலா, பரவிய நோய்க்கா? குணப்படுத்தவா, வலியைக் குறைத்து நாட்களை நல்லபடியாக நீட்டவா? முதல் வரிசைச் சிகிச்சையா, இரண்டாவதா? இதெல்லாம் அப்போது உங்கள் மனதில் தெளிவாக இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நான் தேதிகளை வைத்து ஊகிக்கிறேன். அறுவை நடந்த தேதிக்கு மூன்று வாரம் முன்னால் கீமோ இருந்தால் ‘அறுவைக்கு முன்’ என்று போடுகிறேன். கட்டி கரைவதற்காகக் கொடுத்தீர்களா, அறுவைக்கு நாள் கிடைக்காததால் கொடுத்தீர்களா என்று தேதிக்குத் தெரியாது. நடுவில் நிறுத்தினால் ஏன் என்றும் ஒரு சொல் எழுதுங்கள். நோய் முன்னேறியதால் நிறுத்தியதும், வெள்ளணுக்கள் குறைந்ததால் நிறுத்தியதும், நோயாளி வரவில்லை என்பதால் நின்றதும் என் திரையில் ஒரே மாதிரி வெற்றிடமாகத் தெரிகின்றன. மூன்றையும் ஒன்றாகக் கூட்டி ‘இந்த மருந்து பலன் தரவில்லை’ என்று யாரோ ஒருநாள் கட்டுரை எழுதினால், அந்தத் தவறில் எனக்கும் பங்கு இருக்கும்.

“நோயாளிக்கு நோயாளி நாங்கள் மாற்றித்தான் கொடுக்கிறோம், பெயர்ப் பெட்டிக்குள் எங்களை அடைக்காதீர்கள்” என்று சிலர் சொல்வீர்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. எழுபது வயதுக்காரருக்கு முழு அளவு கொடுக்க முடியாதுதான். ஆனால் பெயர் இருந்தால்தான் மாற்றம் கண்ணில் படும். ‘திருத்திய ஃபோல்ஃபாக்ஸ் ஆறு, ஆக்ஸாலிபிளாட்டின் முக்கால் அளவு’ என்று எழுதினால் உங்கள் முடிவும் தெரிகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் அக்கறையும் தெரிகிறது. பெயர் இல்லாமல் வெறும் எண்கள் இருந்தால், அது நீங்கள் யோசித்துக் குறைத்ததா, யாரோ தவறாகத் தட்டியதா என்று சொல்ல வழியில்லை.

தவறாகப் படிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1994இல் பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் பெட்சி லேமன் என்ற பத்திரிகையாளருக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. நான்கு நாட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய மொத்த சைக்ளோஃபாஸ்ஃபமைடு அளவை, ஒரு நாள் அளவாகப் படித்துவிட்டார்கள். நான்கு நாளும் முழுதாகப் போனது. டிசம்பர் 3ஆம் தேதி அவர் இறந்தார். வயது 39. அவர் நாளிதழில் எழுதிவந்ததே உடல்நலத்தைப் பற்றித்தான். மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் என்று பல கண்களைத் தாண்டிப் போன அந்தத் தவறு, 1995 பிப்ரவரியில் ஆய்வுத் தரவுகளைச் சரிபார்த்தவர்கள் கையில்தான் சிக்கியது. என்னைப் போல் உட்கார்ந்து கோப்பைப் படிப்பவர்கள். அவர்கள் கண்டுபிடித்தபோது இரண்டு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. ‘மொத்த அளவு’, ‘நாள் அளவு’ என்று இரண்டு தனிப் பெட்டிகள் இருந்து, இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்று இருந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

மென்பொருள் செய்பவர்களே, அந்தப் பெட்டி உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் நானூறு பெயரை ஒரே கீழிறங்கு பட்டியலில் கொட்டாதீர்கள். அவசரத்தில் எல்லோரும் முதலில் கண்ணில் படுவதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் பதிவில் அகர வரிசையில் முதலாவதாக இருந்த ரெஜிமென், பல மாதங்களாக அதிகம் பேருக்குக் கொடுக்கப்பட்டதாகத் தெரிந்தது. உண்மையில் அதை ஒரு வருடமாக யாருக்கும் கொடுக்கவில்லை. நோயும் நிலையும் ஏற்கனவே உள்ளே இருக்கும்போது, அதற்குப் பொருந்தும் ஐந்தாறு ரெஜிமென்களை மட்டும் முன்னால் காட்டுங்கள். எதுவும் பொருந்தவில்லை என்றால் சுதந்திரமாக எழுத இடம் விடுங்கள். அங்கே எழுதப்படுவதுதான் அடுத்த ஆண்டு பட்டியலில் சேர வேண்டியது.

சொற்தொகுப்புக் குழுக்களுக்கு என் முதல் வேண்டுகோள்: பழைய பெயர்களைத் தூக்கி எறியாதீர்கள். ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கு 1960களில் வந்த ‘மாப்’ ரெஜிமென்னை இன்று அநேகமாக யாரும் தொடங்குவதில்லை. ஆனால் அதில் குணமானவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அதில் இருந்த மருந்துகளால் பல வருடம் கழித்து ரத்தப் புற்றுநோய் வரலாம் என்று நமக்குத் தெரியும். பின்னால் வந்த ஏ.பி.வி.டி.யில் ஒளிந்திருக்கும் ‘பி’ பிளியோமைசின். அது நுரையீரலைப் பாதிக்கும் மருந்து என்பதால், வருடங்கள் கழித்து வேறு அறுவைக்குப் போனாலும் எவ்வளவு ஆக்சிஜன் கொடுப்பது என்பதில் மயக்க மருந்து நிபுணர் கவனமாக இருக்க வேண்டியிருக்கும். அவர் கோப்பில் நான்கு எழுத்துகளைப் பார்க்கிறார். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் மருந்தின் பெயர் திறக்க வேண்டும். வழக்கொழிந்தது என்று அடையாளம் வையுங்கள், எப்போது முதல் எப்போது வரை புழங்கியது என்று எழுதுங்கள், எண்ணை மட்டும் வேறொன்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, மருந்துப் பெயர்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவரும் ஆபத்து. ட்ராஸ்டுசுமாப் ஒரு மருந்து. ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின் வேறு மருந்து, அதோடு கீமோ நஞ்சு ஒன்று ஒட்டியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும்போது முதலாவது தொடர் அளவாகக் கிலோவுக்கு 6 மில்லிகிராம், இரண்டாவது 3.6. குழப்பம் வரக்கூடாது என்று அமெரிக்காவில் 2013இல் அனுமதித்தபோதே இரண்டாவதன் பெயருக்கு முன்னால் ‘அடோ’ என்று சேர்த்தார்கள். பல நாடுகளில் அந்த முன்னொட்டு இல்லை. தேடும் கணினிக்கு இந்த மூன்று பெயரும் எப்படி உறவு என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, நோயாளி பேசும் சொல்லுக்கும் தொகுப்பில் ஓர் இடம் கொடுங்கள். தமிழில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் ‘கரண்ட் வைத்தார்கள்’ என்கிறார்கள். டாக்ஸோரூபிசின் ‘சிவப்பு மருந்து’. ஃபுளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை 46 மணி நேரம் ஏற்றும் கருவியோடு வீட்டுக்குப் போனவர் ‘இடுப்பில் பை கட்டிவிட்டார்கள்’ என்பார். இவை அறியாமையால் வந்த சொற்கள் அல்ல. உடம்பில் வாங்கிக்கொண்டவர் கண்ணால் பார்த்துச் சொல்வது. ஒவ்வொரு மொழியிலும் இப்படி இருக்கும். அவற்றைச் சேகரித்துச் சரியான எண்ணோடு கட்டிவைத்தால், தாள் தொலைந்த இடத்தில் ஞாபகம் கைகொடுக்கும். அந்த மகள் எங்களுக்குக் கொடுத்தது அதுதான்.

தமிழுக்கு நான் தொடங்கிவிட்டேன். என் நோட்டில் இதுவரை நூற்றுச் சொச்சம் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரில் எந்த மருந்து அல்லது எந்தச் சிகிச்சை என்று எழுதியிருக்கிறேன். சில எனக்கே சந்தேகம், அவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது. மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்துத் தந்தால் போதும், எந்தக் குழு கேட்டாலும் அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைப் படிக்கும் ஒரு பதிவேட்டுப் பணியாளர்